ஊர்ல பார்க்குக்குப் போகலாமா? பாளையங்கோட்டை, குறுக்குத்துறை, குற்றாலம் போயிட்டு வந்த அனுபவம்

கொரோனா நேரத்துல பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு திருநெல்வேலிக்குப் போனா வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கணுமா, இல்ல பார்க், ஆத்தங்கரைன்னு வெளிய போகலாமான்னு இங்க நியூஜெர்சில இருக்குற நம்ம ஊர்க்காரங்க அப்போ கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அதனால 2021 செப்டம்பர்ல நான் போனப்ப பாத்ததை எழுதுறேன். தாராளமா போகலாம். வெட்டவெளியில பயம் ரொம்பக் கம்மி. பயப்பட வேண்டியது பார்க் வாசல்லயும் ஜூஸ் வண்டிகிட்டயும்தான், அதைத்தான் யாரும் கண்டுக்கல.

எங்க வீட்டு நிலைமை என்னன்னா அப்பாவும் அம்மாவும் எழுபது தாண்டினவங்க, பையனுக்கு எட்டு வயசு, அந்த வயசுக்கு அப்போ அமெரிக்காலயும் கொரோனா ஊசி வரல, இந்தியாலயும் வரல. அப்பா கோவிஷீல்டு தடுப்பூசி ஒரு டோஸ் போட்டுட்டு அடுத்ததுக்கு 12ல இருந்து 16 வாரம் கழிச்சுதான்னு சொன்னதால காத்துக்கிட்டு இருந்து, செப்டம்பர் 12ந்தேதி தமிழ்நாடு முழுக்க மெகா தடுப்பூசி முகாம் நடந்துச்சுல்ல, அதுல போய் போட்டுட்டு வந்தாங்க. டெல்டா வகை கொரோனா ஆடின ஆட்டம் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டு "உள்ள வாங்க, உள்ள வந்து உக்காருங்க"ன்னுதான் பாசமா கூப்பிடுவாங்க. மூடுன ரூம்ல கொசுவத்தி கொளுத்துனா புகை எப்படி அங்கேயே சுத்திக்கிட்டு நிக்கும், மூச்சுல வர்ற கிருமியும் அப்படித்தான் நிக்குது, வெளிய காத்தோட கலைஞ்சு போயிடுது. அதனால நான் எல்லார்கிட்டயும் போன்ல சொல்லிட்டேன், சித்தி, அத்தை, மதினி யாரா இருந்தாலும் பார்க்லயோ ஆத்தங்கரையிலயோ பாப்போம்னு. ரெண்டு பேருக்கு வருத்தம்தான், பரவால்ல.

பாளையங்கோட்டையில எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு பார்க், பேரு வேண்டாம். உள்ள நல்லா இருக்கு, வேப்பமரமும் புங்கமரமும் நிழலா நிக்குது, நடக்குற பாதையில ரெண்டு பேர் ஆறடி விட்டு தாராளமா போகலாம். ஆனா வாசல்ல பாருங்க, பெரிய கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டு பக்கத்துல ஒரு ஆள் மட்டும் நுழையுற சின்னக் கதவைத் திறந்து வச்சிருக்காங்க, உள்ள போறவங்களும் வெளிய வர்றவங்களும் அது வழியாத்தான், தோளோட தோள் உரசாம யாரும் போக முடியாது. அதுக்கு முன்னாடி ஒரு ஸ்டூல் மேல நோட்டு, பேரும் போன் நம்பரும் எழுதணும், சணல் கயித்துல கட்டுன ஒரே பேனா, வர்றவங்க எல்லாரும் அதைத்தான் பிடிக்கணும், சானிடைசர் பாட்டில் இருக்கு, அமுக்குனா காத்துதான் வருது. காய்ச்சல் பாக்குற மெஷினை மணிக்கட்டுல காட்டி எவ்வளவுன்னு பாக்காமலே எழுதிக்கிறாங்க. வாட்ச்மேன் நல்ல மனுஷன், அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். "அண்ணாச்சி, பெரிய கேட்டைத் திறந்தா என்ன"ன்னு கேட்டேன். "தொறந்தா ஆளுக மாஸ்க் இல்லாம உள்ள போயிருவாவ தம்பி, மேல உள்ளவிய என்னையத்தான் ஏசுவாவ"ன்னாரு. மாஸ்க் போடலைன்னா 200 ரூபா அபராதம்னு அப்போ போர்டு தொங்குச்சு, அதைப் பாத்து எல்லாரும் மாஸ்க்கோடதான் வந்தாங்க, உள்ள போனதும் தாடைக்கு இறக்கிட்டாங்க.

ஊஞ்சல், சறுக்கு எல்லாம் சிவப்பு வெள்ளை ரிப்பன் சுத்தி அடைச்சிருந்துச்சு, பையன் கேக்கும்போது பாவமா இருந்துச்சு. கால்ல மிதிச்சா தண்ணி வர்ற மாதிரி கைகழுவ ஒரு ஸ்டாண்ட் வச்சிருக்காங்க, நல்ல ஏற்பாடு, தண்ணியும் வருது, சோப்பு மட்டும் இல்ல. இருபது செகண்ட் சோப்பு போட்டுக் கழுவுங்கன்னு அதுக்கு மேலயே படம் ஒட்டியிருக்கு! டாய்லெட்டு பூட்டிக் கிடக்கு, சாவி வச்சிருக்குறவர் சாயங்காலம்தான் வருவாராம். அம்மாவுக்கு சுகர், அரை மணி நேரத்துக்கு மேல அவங்களால அங்க இருக்க முடியல, அவங்களோட நடக்க வர்ற ஆச்சிமாருக எல்லாருக்கும் இதே கஷ்டம்தான். இது எனக்கு ரொம்பவே ஆத்தாமையா இருந்துச்சு, வயசானவங்களுக்காகத்தான் பார்க்கு, அவங்களே நிம்மதியா இருக்க முடியலைன்னா எப்படி.

வெளிய அருகம்புல் ஜூஸ், வாழைத்தண்டு சூப் விக்கிற வண்டி. நடந்து முடிச்சவங்க மொத்தமும் அதைச் சுத்தி நின்னு மாஸ்க்கை இறக்கிட்டு அரட்டை. நாங்க வாங்கிட்டு தள்ளிப்போய் குடிச்சோம், நீங்களும் அப்படியே பண்ணுங்க, அந்த மனுஷன் பொழைப்பும் நடக்கணும்.

நேரம் இன்னொரு பிரச்சனை. ஜூன்ல ஊரடங்கு தளர்த்துனப்ப பார்க் காலைல 6ல இருந்து 9 வரைக்கும், அதுவும் நடக்க மட்டும்னு அரசாங்கம் விட்டாங்க, அந்த நேரத்துக்கு அது சரிதான். ஆனா இந்த பார்க்ல நான் போனப்பவும் காலைல கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம்னுதான் திறந்தாங்க, நாள் பூரா பிரிஞ்சு வரவேண்டிய கூட்டம் ஒரே நேரத்துல வந்து அந்தச் சின்னக் கதவுல முட்டுச்சு. எங்க நியூஜெர்சியிலயும் 2020 ஏப்ரல் 7ந்தேதி ஸ்டேட் பார்க், கவுண்ட்டி பார்க் எல்லாத்தையும் மூடி மே 2ந்தேதி திறந்தாங்க, திறந்தப்போ கார் நிறுத்துற இடத்தைப் பாதியாக் குறைச்சாங்க, பாதி நிறைஞ்சா அவ்வளவுதான், அடுத்த வண்டி திரும்பிப் போகணும். அங்கயும் அப்போ டாய்லெட்டைப் பூட்டித்தான் வச்சிருந்தாங்க, அதை நான் பெருமையா சொல்ல மாட்டேன். ஆனா கூட்டத்தைக் குறைக்க நேரத்தைக் குறைக்கல, அதைத்தான் நம்ம ஊர்லயும் யோசிக்கணும்னு சொல்றேன்.

எங்களுக்குக் கை குடுத்தது திருநெல்வேலியில தாமிரபரணி ஆத்தங்கரையில இருக்குற குறுக்குத்துறைதான். வெள்ளி, சனி, ஞாயிறு கோயிலுக்குள்ள பக்தர்களை விடாத நேரம் அது, அதனால அந்த நாள்கள்ல ஆத்தங்கரை அமைதியா கிடந்துச்சு. ஆத்துக்குள்ளயே நிக்கிற முருகன் கோயிலை வெளிய இருந்து கும்பிட்டுட்டு, படித்துறையை விட்டுத் தள்ளி மருதமர நிழல்ல ஆளுக்கொரு துண்டை விரிச்சு உக்காந்தோம். அத்தை வீட்டுக்காரங்க அவங்க கொண்டுவந்த புளிசாதத்தை அவங்க சாப்பிட்டாங்க, நாங்க எங்க இட்லியைச் சாப்பிட்டோம், ஒரே பாத்திரத்துல கை போடல. பையன் தாமிரபரணில முழங்கால் தண்ணியில நின்னு மீன் கடிக்குதுன்னு கத்துனான், அப்பா கரையில உக்காந்து சத்தமா சிரிச்சாங்க, ஒன்றரை வருஷமா அவங்க அப்படிச் சிரிச்சுக் கேக்கலன்னு அம்மா சொன்னாங்க.

குற்றாலம் இப்போ தென்காசி மாவட்டம் ஆனாலும் நமக்கு அது நம்ம சீமைதான். 2020 சாரல் சீசனும் போச்சு, 2021 சாரல் சீசனும் போச்சு, ரெண்டு வருஷமும் அருவியில குளிக்க விடல, நாங்க போனப்பவும் தடைதான். கடைக்காரங்க பாடு கண்ணீர்தான், ஆனா அந்தத் தடை நியாயம்னுதான் எனக்குப் பட்டுச்சு. மெயின் அருவிக்குக் கீழ ஆளோட ஆள் ஒட்டித்தான் நிக்கணும், மாஸ்க் போட்டுக்கிட்டு குளிக்க முடியாது, நனைஞ்ச மாஸ்க்கும் உதவாது. பார்க்கையும் அருவியையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது.

போறவங்க ஒரு சோப்பு, ஒரு பேனா, குடிக்கத் தண்ணி, மாத்து மாஸ்க் கையில வச்சுக்கோங்க, கேட்டுல நெரிசலா இருந்தா பத்து நிமிஷம் தள்ளி நில்லுங்க, சளி காய்ச்சல்னா அன்னைக்கு வீட்டுலயே இருங்க. ஆத்துக்குப் போறவங்க ஐப்பசி மழை தொடங்கிட்டா தண்ணியில இறங்காதீங்க. நான் கிளம்புறதுக்கு முன்னாடி அப்பாவும் அவங்களோட நடக்குறவங்களும் சேந்து பொறுப்புல உள்ளவங்களுக்கு ஒரு மனு எழுதிக் குடுத்துட்டாங்க: பெரிய கேட்டைத் திறந்து மாஸ்க் பாக்க இன்னொரு ஆள் போடணும், பகல்ல மூடக் கூடாது, சோப்பு வைக்கணும், டாய்லெட் சாவி வாட்ச்மேன் கையிலயே இருக்கணும். உங்க தெரு பார்க்கும் இப்படித்தான் இருந்தா இதையே உங்க கையெழுத்துல எழுதிக் குடுங்க.