அரை அங்குல என்.பி.டி. மரைக்கு எந்த ட்ரில்: 17.46, 17.86, 18.26?

என்.பி.டி. என்பது அமெரிக்கத் தரநிலைக் குழாய் மரை. அதில் அரை அங்குல பைப் மரை என்பது பெயருக்குத்தான். அதில் எந்த இடத்தை அளந்தாலும் அரை அங்குலம் வராது. குழாயின் வெளிவிட்டமே 21.34 மி.மீ. அதனால் ட்ரில் அளவுக்கு அட்டவணையைத்தான் நம்ப வேண்டும். அட்டவணையைத் திறந்தால் அடுத்த குழப்பம். ஒரே மரைக்கு ஒரு தாளில் 11/16, இன்னொன்றில் 45/64, வேறொன்றில் 23/32. மி.மீ. கணக்கில் 17.46, 17.86, 18.26. அடுத்தடுத்த அளவுகளுக்கு நடுவே 0.4 மி.மீ. இடைவெளி. மூன்றுமே சரியான அளவுகள்தான். எந்த ஆழத்தில் முழு மரை வேண்டும் என்ற கேள்விக்கு மூன்றும் மூன்று பதில் சொல்கின்றன.

என்.பி.டி. சரிவு மரை. 16 மி.மீ. உள்ளே போனால் விட்டத்தில் 1 மி.மீ. குறையும். ட்ரில் போட்ட துளையோ மேலிருந்து கீழ்வரை ஒரே விட்டம். சரிவை நேர்த்துளையில் வெட்டினால் ஏதாவது ஒரு மட்டத்தில்தான் இரண்டும் கச்சிதமாகச் சேரும். அமெரிக்கத் தரநிலையான ஏ.எஸ்.எம்.இ. பி1.20.1 தரும் அளவுகளை வைத்து ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முழு உயர மரைக்கு வேண்டிய உள்விட்டம், துளையின் வாயில் 18.32 மி.மீ. கையால் முறுக்கி நிற்கும் ஆழம் 8.1 மி.மீ.; அங்கே 17.81. ஸ்பானரால் இறுக்க இன்னும் மூன்று மரை சேர்த்தால் 13.6 மி.மீ. ஆழம், அங்கே 17.47.

இப்போது அட்டவணையின் மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 18.26 வாய்க்கான அளவு, 17.86 நடுவுக்கானது, 17.46 அடிக்கானது. இது தெரிந்த பிறகு எனக்கு அட்டவணைகள் முரண்படுவதாகத் தோன்றவே இல்லை.

17.46-ஐ மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் கூடவே சரிவு ரீமரும் வர வேண்டும். அடி அளவுக்குத் துளை போட்டு, 16-க்கு 1 சரிவுள்ள ரீமரால் வாயை விரித்துவிட்டு டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) இறக்கினால், மேலிருந்து கீழ்வரை முழு மரை கிடைக்கும்; டேப்புக்கும் எல்லாப் பல்லிலும் ஏறக்குறைய ஒரே சுமை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போன்ற முரட்டு உலோகத்துக்கும், சீலன்ட் இல்லாமலே அடைக்க வேண்டிய என்.பி.டி.எஃப். மரைக்கும் இதுதான் முறை. ரீமர் இல்லாமல் 17.46 துளையில் டேப்பை இறக்கினால் வாயருகே பக்கத்துக்கு 0.43 மி.மீ. உலோகம் கூடுதலாக நிற்கும். பல்லுக்கு இடையிலுள்ள பள்ளமே போய் அதைச் சுரண்ட வேண்டிவரும். நான் ஒரு டேப்பை உடைத்தது இப்படித்தான். அட்டவணையில் ‘ரீமருடன்’ என்று பொடி எழுத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. உடைந்த துண்டை எடுக்கப் போன நேரத்தில் பத்துத் துளை போட்டிருக்கலாம்.

ரீமர் இல்லாதவர்களுக்கு மிச்சம் இருப்பது 17.86-ம் 18.26-ம். மரையின் முழு உயரம் சுமார் 1.45 மி.மீ. 18.26 துளையில் வாயருகே மரை நிறைவாக இருக்கும், 13.6 மி.மீ. ஆழத்தில் ஏறக்குறைய 73 சதவீத உயரம்தான் தேறும். 17.86-ல் அதே ஆழத்தில் 87 சதவீதம். ஆனால் வாயருகே டேப் பக்கத்துக்கு 0.23 மி.மீ. கூடுதலாகச் சுரண்டும். கையால் டேப் போடும்போது இந்தக் கனம் கைப்பிடியில் நன்றாகவே தெரியும்.

என் கணக்கு இதுதான்: அலுமினியம், பித்தளை, வார்ப்பிரும்பு என்றால் 17.86. மைல்டு ஸ்டீலில் கையால் போடுவதென்றால் 18.26 பாவமில்லை, டெஃப்லானோ சீலன்டோ எப்படியும் போடத்தான் போகிறோம். என்.பி.டி. மரையில் முகடும் பள்ளமும் முழுதாக ஒட்டாது. நடுவில் சுருள் வழி ஒன்று இருக்கவே செய்யும். அதை அடைக்கத்தான் டெஃப்லான் டேப். (மரை போடும் கருவியும் டேப், மேலே சுற்றும் வெள்ளை நாடாவும் டேப். பட்டறைக்குப் புதிதாக வருபவரைக் குழப்ப இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.) அங்குல அளவு பிட்டே இல்லை, மி.மீ. செட் மட்டும்தான் என்றால் 18 மி.மீ. எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும், அடியில் 82 சதவீத மரை தரும். முனை சமமாகத் தீட்டாத பிட் தன் அளவைவிடப் பெரிய துளையைத்தான் போடும் என்பதால் நான் பெரும்பாலும் சின்ன அளவின் பக்கமே சாய்வேன்.

பலர் ட்ரில்லின் தலையில் போடும் ஒரு பழி உண்டு. ஃபிட்டிங் லொடலொடவென்று அடிவரை இறங்கிவிட்டால் “துளை பெரிசாயிடுச்சு” என்பார்கள். துளையைக் கழுவிவிட்டுப் பார்த்தால் டேப் ஆழமாகப் போயிருக்கும். சரிவு டேப் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு மரை விரியும். ஒரு சுற்றுக்கு விட்டத்தில் 0.11 மி.மீ. ட்ரில் தீர்மானிப்பது மரையின் உயரத்தை. ஃபிட்டிங் எங்கே நிற்கும் என்பது டேப் போன ஆழத்தின் கையில். துளைக்குள் முறுக்கி மரையைச் சரிபார்க்கும் கேஜ் இருந்தால் அதன் படியிலிருந்து ஒரு சுற்று முன்பின் அனுமதி. கேஜ் இல்லையென்றால் புது ஃபிட்டிங் ஒன்றைக் கையால் முறுக்கிப் பாருங்கள். நாலு, நாலரைச் சுற்றில் பிடித்தால் நிறுத்திவிடலாம். ரெண்டு சுற்றிலேயே நின்றால் டேப்பை மறுபடி இறக்கலாம். ஏழு சுற்று போனால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, சுருளைத் தட்டிவிட்டு, முறுக்கிப் பார்த்து, மறுபடி இறக்க வேண்டும்.

கால் அங்குலத்துக்கும் இதே கதைதான்: ரீமருடன் 10.72, இல்லாமல் 11.11. முக்கால் அங்குலத்துக்கு ரீமர் இல்லாமல் 23.42.

இதெல்லாம் கையில் இருப்பது என்.பி.டி. டேப்தானா என்று பார்த்த பிறகுதான். பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் குழாய் மரை வேறு குடும்பம்; மரைக் கோணம் 55 டிகிரி, என்.பி.டி.க்கு 60. பி.எஸ்.பி.யிலேயே நேர்மரை ‘ஜி’ என்றால் அரை அங்குலத்துக்கு 19 மி.மீ. துளை. அந்த 19-ஐ என்.பி.டி.க்குப் போட்டால் வாயிலேயே மரை முக்கால் உயரம்தான் வரும், அடியில் பாதிகூட வராது. எவ்வளவு டெஃப்லான் சுற்றினாலும் ஒழுகும். இதில் பொறி என்னவென்றால், அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டு குடும்பத்துக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஒன்றின் ஃபிட்டிங் மற்றதில் சாதுவாக ஏறும், பிடித்த மாதிரியும் இருக்கும், அழுத்தம் ஏற்றிய பிறகுதான் கசியும். கால் அங்குலத்தில் என்.பி.டி.க்கு 18, பி.எஸ்.பி.க்கு 19 என்பதால் சில சுற்றிலேயே முரண்டு பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். டேப்பின் தண்டில் பொறித்த எழுத்து தேய்ந்துபோயிருந்தால், ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன் 60 டிகிரி மரை கேஜை அதன் பல்லில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் அது பி.எஸ்.பி.