ஜாக்கெட்டை மட்டும் பாராட்டும் டெய்லர் அக்கா

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. மதுரை அரசரடிப் பக்கம் ஒரு வீட்டின் முன்னறை. இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஒரு ஓவர்லாக் மெஷின், துணி வெட்ட ஒரு மேசை. பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று டெய்லர் அக்கா சொல்லிவிட்டார். “இருக்கிற துணியத் தைக்கவே கை பத்தலம்மா” என்றார். அதனால் வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

மூன்று வருடமாக என் ஜாக்கெட் எல்லாம் இங்கேதான். லைனிங் வைத்துத் தைக்க 450 ரூபாய். லைனிங் துணியை வாளியில் ஊறப்போட்டு, காயவைத்த பிறகுதான் கத்தரி வைப்பார். அப்படியே வெட்டினால் முதல் சலவையிலேயே உள்துணி சுருங்கி, மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும்.

எனக்கு ஆட்டிசம். புலன்கள் உணர்கிற விதமும் மற்றவர்களோடு பழகுகிற விதமும் பிறவியிலிருந்தே வேறு மாதிரி இருப்பது. 31 வயதில்தான் தெரிந்தது. தோலில் படுகிற ஒவ்வொரு தையலும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும். இந்தப் புலன் கூர்மையை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகத் தன் நோயறிதல் கையேட்டில் சேர்த்தது. ஓவர்லாக் நூல் அக்குளில் உரசினால் அன்று ஆபீசில் ஒரு வவுச்சரைக்கூட ஒழுங்காகப் பதிய முடியாது. அக்காவிடம் சொன்னேன். ஓரத்தை உள்ளே மடித்து, மேலே இன்னொரு தையல் ஓட்டி, பிசிறு எதுவும் தோலில் படாதபடி தைத்துக் கொடுத்தார். கொக்கிப் பட்டிக்கு அடியில் மெல்லிய ரூபியா துணியில் இன்னொரு பட்டி. இதற்கெல்லாம் 50 ரூபாய்தான் கூடுதல்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

முன்பு போன கடையில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். திரையை விலக்கி வெளியே வந்ததும், “அய்யோ, மகாலட்சுமி மாதிரி இருக்கீங்களே!” என்று சத்தமாகச் சொல்வார்கள். துணி கொடுக்க வந்தவர்கள், கொக்கி கட்டுகிற பெண், எல்லோரும் திரும்புவார்கள். சிரிக்க வேண்டும், ஆனால் எவ்வளவு நேரம்? யார் கண்ணைப் பார்ப்பது? ‘நன்றி’ என்றால் கர்வமாகத் தெரியுமா? ‘அதெல்லாம் இல்லை’ என்றால் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடுமா? நிஜமாகவே சொல்கிறாரா, வருகிற எல்லோரிடமும் சொல்வதா? இதற்குள் நேரம் கடந்துவிடும். காது சூடாகி, கழுத்து இறுகி, தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருமுறை எதுவும் பேசாமல் பணத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். “நல்லதத்தானே சொன்னோம், என்னா திமிரு” என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. நல்ல மனதோடு சொன்னதுதான், எனக்கும் தெரியும். இருந்தும் அந்த ஜாக்கெட்டை பீரோவை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. போட்டால் மறுபடி யாராவது ஏதாவது சொல்வார்களே என்று பயம்.

டாமியன் மில்டன் என்று ஒரு சமூகவியலாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு. புரியாமை எங்கள் பக்கம் மட்டும் இல்லை, ஆட்டிசம் இல்லாதவர்கள் பக்கமும் இருக்கிறது என்று 2012-இல் எழுதினார். அதைப் படித்த தைரியத்தில்தான் இந்த அக்காவிடம் வாயைத் திறந்தேன்.

“அக்கா, என்னையப் பாத்து அழகா இருக்கன்னு சொன்னா எனக்கு என்ன பண்றதுன்னு தெரியாமப் போயிரும். எனக்கு ஆட்டிசம்க்கா.”

“சின்னப் பிள்ளைகளுக்கு இருக்குமே, அதுவா?”

“அந்தப் பிள்ளைகதானக்கா பெரியவங்களாகுது.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “சரி, அப்ப ஜாக்கெட்டப் பத்தி மட்டும் பேசுவமா?”

அன்றிலிருந்து அப்படித்தான். தோள்பட்டையில் கை வைக்கும் முன் “தொடுறேம்மா” என்பார். கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். “கழுத்து எறங்கல. கைவளைவுல சுருக்கம் இல்ல. முதுகுல மட்டும் அரை இஞ்ச் பிடிக்கணும்.” இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். “ஆமாக்கா, முதுகுதான் லூசு” என்பேன்.

போன மாதம் ஒரு சுங்குடிச் சேலைக்கு ஜாக்கெட் துணி கொண்டுபோனேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “சேலைப் புள்ளிக்கும் இதுக்கும் கலர் அப்படியே சேருது. யாரு எடுத்தா?” என்றார். நான்தான். மூன்று கடை ஏறி, துணியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்தது. அந்தக் கதை முழுவதையும் சொன்னேன், அவரும் கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அதுவும் பாராட்டுதான் என்று. காது சூடாகவே இல்லை.

குறை என்றால், முகூர்த்த மாதங்களில் சொன்ன தேதிக்கு இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். ஆரி வேலை கிடையாது. ஞாயிறு மாலை நெரிசல். செவ்வாய் காலை 11 மணி வாக்கில் போனால் மெஷின் சத்தம் மட்டும்தான் இருக்கும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் புரட்டாசி பிறந்ததும் கொடுத்துவிடுங்கள். டேப் மேலே படுவது பிடிக்காதவர்கள் சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை அளவுக்கு எடுத்துப் போங்கள். அதை வைத்தே வெட்டிவிடுவார்.