ஆளுக்கு அடிபட்டால் யார் கட்டுவது? வன்னிச் சிறு முதலாளிக்கு உள்ள நான்கு வழிகள்

பரந்தனில் ஒரு வெல்டிங் கடை, புதுக்குடியிருப்பில் ஒரு மர ஆலை, வவுனியாவில் ஒரு அரிசி மில் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர், பாதிப்பேர் நாட்சம்பளம். "ஆட்களுக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) கட்டுகிறோம். விபத்துக் காப்புறுதி போட்டிருக்கிறோம். ஏதும் நடந்தால் நாங்களே பார்த்துக்கொள்வோம். நாலாவதாக ஒன்று இருக்கிறது: வேலையாள் நட்டஈட்டுக் காப்புறுதி. அதைச் சொல்பவர்கள் குறைவு.

எதை எடுத்தாலும் முதலில் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். இலங்கையின் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். யாருடைய பிழை என்ற கேள்வி பொதுவாக எழாது. குடித்துவிட்டு வேலை செய்தது, வேண்டுமென்றே பாதுகாப்பு மூடியைக் கழற்றியது போன்ற விலக்குகள் உண்டு. ஆனால் ஆள் இறந்துவிட்டால் அந்த வாதமும் எடுபடாது. உங்கள் தொழிலுக்காகத்தான் கூப்பிட்டீர்கள் என்றால் நாட்கூலி ஆளும் இதற்குள் வருவார். 2022 திருத்தம் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் சேர்ந்தது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் விடியக் காலையில் யானை நிற்கும் வீதியால் மோட்டார்சைக்கிளில் வரும் ஆட்களை வைத்திருப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஈடிஎப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. முதலாளி சம்பளத்தின் 3 வீதத்தைக் கட்டுகிறார். உறுப்பினருக்கு மரண உதவி, நிரந்தர அங்கவீனத்துக்கு உதவி, சில சத்திரசிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்கும். நல்லதுதான், கட்டாயமும் கூட. ஆனால் முதலாளியின் நட்டஈட்டுப் பொறுப்பை அது ஒரு சதமும் குறைக்காது. நாட்சம்பள ஆட்களின் பெயரில் ஈடிஎப் கட்டாமல் விட்டவர் அந்த ஆறுதலையும் சொல்ல முடியாது.

"நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்பதில்தான் நல்ல மனசுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆள் இறந்தால் செத்தவீட்டுச் செலவு, அந்தியேட்டிச் செலவு எல்லாம் முதலாளி பார்ப்பார். மனைவியின் கையில் ஒரு தொகையும் கொடுப்பார். இரண்டு பக்கமும் கண்ணீரோடு பிரியும். ஆனால் மரண நட்டஈட்டை வேலையாள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும் என்பதுதான் சட்டம். தங்கியிருப்பவர்களுக்கு அதை எப்படிப் பிரிப்பது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். குடும்பத்தின் கையில் நேரே கொடுத்த காசு நட்டஈடாகக் கணக்கில் வராமல் போகலாம். பிறகு யாராவது உறவினர் முறைப்படி விண்ணப்பித்தால் இரண்டாவது தடவையும் கட்ட வேண்டிவரும். சுளையாக 20 இலட்சம் ஒதுக்கி வைத்திருக்கும் வெல்டிங் கடை கிளிநொச்சியில் எத்தனை இருக்கும்? அறுவடைக்கு மில்லை ஓட்டவே கடன் எடுக்கிறோம்.

மிச்சம் இரண்டு பொலிசிகள். உண்மையான போட்டி இவற்றுக்குத்தான்.

தனிநபர் விபத்துக் காப்புறுதியில் ஆளுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை குறிப்பார்கள். மரணத்துக்கு முழுத் தொகை, கை விரல் போனால் அட்டவணைப்படி வீதம். வேலைத்தலம், வீடு, கோயில் திருவிழா என்று எங்கே அடிபட்டாலும் பொதுவாகப் பொருந்தும். பேச்சும் எளிது, விலையும் பல இடங்களில் மலிவு. முதலாளிகளுக்குப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். குறை என்னவென்றால், ஆளுக்கு ஐந்து இலட்சம் என்று போட்டிருந்து ஆணையாளர் அதைவிடக் கூடக் கணக்கிட்டால் மிச்சம் உங்கள் சட்டைப்பையிலிருந்துதான் போகும். கொடுத்த ஐந்து இலட்சத்தைக் கழிக்க விடுவார்களா என்பதே வழக்காகும்.

வேலையாள் நட்டஈட்டுக் காப்புறுதி அந்தச் சட்டப் பொறுப்பையே கம்பனியின் தலையில் ஏற்றுகிறது. பெரும்பாலும் ஆளின் பெயரைக் கேட்பதில்லை. வருடத்துக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பீர்கள், என்ன வேலை என்றுதான் கேட்பார்கள். மர ஆலைக்கு ஒரு வீதம், கடைக்கு அதைவிடக் குறைந்த வீதம். வருட முடிவில் உண்மையான சம்பளக் கணக்கைக் காட்டினால் பிரிமியம் கூடும் அல்லது குறையும். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் எங்கள் பக்கத்துத் தொழில்களுக்கு இந்த அமைப்பு நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் பொறி அங்கேதான் இருக்கிறது. பிரிமியத்தைக் குறைக்க மாதம் 60,000 கொடுக்கும் ஆளுக்கு 30,000 என்று எழுதுகிறவர்கள் உண்டு. நட்டஈடு சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். அடிபட்ட ஆள் உண்மையான சம்பளத்தைச் சொல்லுவார், கம்பனி நீங்கள் எழுதிக்கொடுத்த கணக்கை எடுத்து நீட்டும், இடைவெளியை நீங்கள் நிரப்புவீர்கள். கையெழுத்து வாங்கிய சம்பளப் பதிவேடு இல்லாத கடைக்கு எந்தப் பொலிசியும் அரைகுறைதான்.

கையெழுத்துப் போடும் முன் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. 2022 திருத்தத்தின்படியான தொகையும் வழி விபத்தும் சேர்ந்திருக்கிறதா? வைத்தியச் செலவுக்கு எல்லை எவ்வளவு? அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம், ஆனால் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ மாற்றினால் போக்குவரத்தும் கூட நிற்பவரின் செலவும் இலவசமில்லை. ஒப்பந்தக்காரர் கூட்டிவரும் ஆட்கள் சேர்த்தியா? ஒப்பந்தக்காரர் கை விரித்தால் வேலையைக் கொடுத்த உங்களிடம்தான் வருவார்கள். இன்னொன்று, எங்கள் மண்ணுக்கே உரியது: காணி துப்புரவாக்கும்போது பழைய ஷெல் வெடித்தால் என்ன? பொலிசிகளில் போர் பற்றிய விலக்கு வாசகம் சாதாரணமாக இருக்கும். பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வைத்து வேலை எடுப்பவர் "அந்த விலக்கு உங்களுக்கு வராது" என்ற வாய்ப்பேச்சை நம்பி விடக்கூடாது.

என் தெரிவைச் சொல்கிறேன். மெஷின் ஓடுகிற இடம், ஏணி ஏறுகிற வேலை, லொறியில் ஏற்றி இறக்குகிற வேலை என்றால் வேலையாள் நட்டஈட்டுக் காப்புறுதிதான் முதலாவது. அதற்குப் பிறகு காசு மிஞ்சினால் தனிநபர் விபத்துக் காப்புறுதி. அதையும் முதலில் உங்கள் பெயரிலேயே போடுங்கள். கிரைண்டர் பிடிக்கிற முதலாளியும் கல்லாவில் இருந்துகொண்டு மூட்டைக்கும் கை கொடுக்கிற மனைவியும் சட்டத்தின் கண்ணில் பொதுவாக வேலையாட்கள் ஆக மாட்டார்கள். அப்படியென்றால் வேலையாள் நட்டஈட்டுப் பொலிசி அவர்களுக்கு எதுவும் தராது. இரண்டு பேர் மட்டும் இருக்கும் தையல் கடை, புத்தகக் கடைக்கு வரிசையை மாற்றினாலும் பெரிய ஆபத்தில்லை.

மில்காரர்கள் சம்பள மதிப்பீட்டைக் கொடுக்கும்போது காலபோக அறுவடைக்கு வரும் மேலதிக ஆட்களின் கூலியையும் சேர்த்தே எழுதவேண்டும். மாசி, பங்குனியில்தான் மூட்டையும் கூட, ஆட்களும் புதிது.