காதில் கவ்வியா, தலையில் காந்தமா?

பல வருடப் பதற்றத்தை மாத்திரை பாதிதான் அடக்கியது. மீதிக்கு மருத்துவர் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, கோயம்புத்தூர் மருத்துவமனையில் நாற்காலியில் உட்கார்ந்து தலைக்குக் காந்தத் தூண்டல் பெறுவது, டி.எம்.எஸ். என்பார்கள். மற்றது சி.இ.எஸ்.: இரண்டு காது மடல்களிலும் கவ்வி மாட்டி வீட்டிலேயே மெல்லிய மின்சாரம் செலுத்திக்கொள்வது. கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரியான நான் கவ்வியை எடுத்தேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நெஞ்சுத் தோலுக்கடியில் கருவி புதைத்து, கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்பில் (மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் நரம்பு) கம்பி சுற்றுவதும் உண்டு. அமெரிக்காவில் அதற்கு 1997-இல் வலிப்புக்கும், 2005-இல் மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கும் அனுமதி கிடைத்தது. பேட்டரி தீர்ந்தால் மறுபடி அறுவை. பதற்றத்துக்கு அவ்வளவு தூரம் போவானேன்?

சான்றின் பலத்தில் காந்தமே முன்னால் நிற்கிறது, மனச்சோர்வைப் பொறுத்தவரை. 2008-இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது அதற்குத்தான், 2021-இல் சேர்ந்தது, மனச்சோர்வோடு ஒட்டி வரும் பதற்றம். சி.இ.எஸ். கருவிகளையோ 2019-இல் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் என்றே வகைப்படுத்தினார்கள். ஆனால் அவற்றின் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அதை மறைத்து நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது தினப்பாடு. காந்தத்துக்கு வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் போக வேண்டும். நாற்காலியில் அரை மணி நேரம். வேலந்தாவளம் எல்லை தாண்டிக் கோவை போய்த் திரும்ப அரை நாள். கூட்ட பஸ்ஸில்தான் எனக்கு நெஞ்சு படபடக்கும். படபடப்பைத் தீர்க்கத் தினமும் அதே பஸ்ஸில் ஏறச் சொன்னால் எப்படி? நடுவில் ஒரு ஹர்த்தால் வந்தால் அந்த நாள் போயிற்று. இடைவெளி விடாதீர்கள் என்று மருத்துவர் சொல்வது பஸ் முதலாளிக்குத் தெரியுமா?

கவ்விக்கும் பராமரிப்பு உண்டு. விற்பவர்கள் அதை மெதுவாகத்தான் சொல்வார்கள். மின்சாரம் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான், டார்ச் பல்புகூட எரியாது. அந்தச் சிறிய ஓட்டத்துக்குத் தோலோடு தொடர்பு சுத்தமாக இருக்க வேண்டும். தோட்டைக் கழற்ற வேண்டும். காது மடலில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்சாரம் சரியாக ஏறாது. தலைக்கு எண்ணெய் வைக்கும் நம் வீடுகளில் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கவ்வியின் பஞ்சை அதற்குரிய திரவத்தில் நனைக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பஞ்சு பாதியிலேயே காய்ந்து, ஊசி குத்துவதுபோல் சுரீர் என்கிறது. இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருகிறேன். தலை சுற்றினால் அளவைக் குறைக்க வேண்டும். மாட்டியிருக்கும்போது வண்டி ஓட்டவே கூடாது. கருவி வாங்கும்போதே பஞ்சும் திரவமும் கூடுதலாக வாங்கிவிடுங்கள். அவை தீர்ந்த அன்று எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் அலமாரிக்குத்தான் போகும்.

பலன்? இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுவது குறைந்திருக்கிறது. ஆனால் கவ்வி தொடங்கிய சமயத்தில் மாத்திரையின் அளவும் மாறியது, மாலை நடையும் சேர்ந்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. காந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. டக் டக் என்ற சத்தத்துக்குக் காதடைப்பான் தருவார்கள் என்பது கேள்வி ஞானம்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கவ்வியைத் தொடக் கூடாது. வலிப்பு வந்தவர்களும் தலைக்குள் உலோகம் உள்ளவர்களும் காந்தம் பக்கம் போகும்முன் அதைச் சொல்லிவிட வேண்டும். பதற்றத்தைவிட மனச்சோர்வு அழுத்துகிறது, கோவையில் ஒன்றரை மாதம் தங்க அக்கா வீடோ சித்தி வீடோ இருக்கிறது என்றால், என் பேச்சைக் கேட்காமல் காந்தத்துக்கே போங்கள்.