58 எச்ஆர்சி என்றால் போதுமா? கியர் பல்லுக்குக் கார்பரைசிங், நைட்ரைடிங், இண்டக்ஷன்

சிங்கப்பூரின் துவாஸ் பட்டறைக்கு அனுப்பும் கியர் வரைபடத்தில் வெறும் "58 எச்ஆர்சி" (ராக்வெல் கடினத்தன்மை அளவு) என்று எழுதினால், அந்த எண்ணைக் கார்பரைசிங்கிலும் (மேற்பரப்பில், அதாவது தோலில், கார்பன் ஏற்றிக் கடினமாக்குவது) எட்டலாம், இண்டக்ஷனிலும் (மின்காந்தச் சுருளால் தோலை மட்டும் சூடாக்கிக் குளிர்விப்பது) ஏறக்குறைய எட்டலாம். பல் எத்தனை நாள் தாங்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

பளு அதிகம் என்றால் என் ஓட்டு கார்பரைசிங்குக்குத்தான். 20எம்என்சிஆர்5 போன்ற எஃகை கார்பன் தரும் வாயுவில் 920-930 டிகிரி செல்சியஸில் வைத்தால் தோலின் கார்பன் 0.2-லிருந்து 0.8 சதவீதம் வரை ஏறும். எண்ணெயில் குளிர்விக்கும்போது உட்பகுதி முதலில் உருமாறி இறுகிவிடும். தோல் பிறகுதான் மாறி விரியப் பார்க்கும். உள்ளே இருப்பது விடாது. இப்படித் தோலில் தங்கும் அமுக்கத் தகைவு, பல்லடியில் விரிசல் வாய் திறக்காமல் பிடித்துக்கொள்ளும். மாடியூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 5 உள்ள பல்லுக்கு 0.8-1 மி.மீ. தோல் ஆழம் சரி. பல்லடியில் ஷாட் பீனிங்கும் (சிறு குண்டுகளை வேகமாக அடிப்பது) செய்தால் வளைவுச் சோர்வுக்கு இன்னும் நல்லது.

வில்லங்கம், கியர் கோணுவது. கிரைண்டிங் தேவைப்படும், அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிரைண்டிங் சக்கரம் பல்லடியைத் தொட்டால் ஒரு படி விழும், விரிசல் அங்கிருந்தே கிளம்பும். கிரைண்டிங் முடிந்ததும் நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) முக்கிப் பாருங்கள்: சீரான சாம்பல் நிறம் நல்லது, கருந்திட்டு என்றால் சூட்டில் தளர்ந்திருக்கிறது, கருப்புக்கு நடுவே வெள்ளை என்றால் மறுபடி கடினமாகியிருக்கிறது. வெள்ளை தெரிந்த கியரைப் பெட்டியில் பூட்டாதீர்கள்.

நைட்ரைடிங் (தோலில் நைட்ரஜன் ஏற்றுவது) 500-550 டிகிரியில், குளிர்விப்பே இல்லாமல் முடியும். அளவு அதிகம் அசையாது, உள்பல் வளையத்துக்கு அருமை. ஆனால் பல மணி நேரம் அடுப்பில் கிடந்தும் தோல் 0.3-0.6 மி.மீ.தான். பெரிய மாடியூலில் அதிகபட்ச வெட்டுத் தகைவு தோலுக்குக் கீழே, மென்மையான பகுதியில் விழும். தோல் உள்வாங்கி உரிந்துவிடும். திடீர் அடி வாங்கும் வின்ச்சுக்கு வேண்டாம். கியர் வலிமைக்கான ஐஎஸ்ஓ 6336-5 விதிமுறை, எம்க்யூ என்னும் நடுத்தர எஃகுத் தரத்தில் தொடுதகைவு (பற்கள் தொட்டு அழுத்தும் இடத்துத் தகைவு) வரம்பாகக் கார்பரைசிங்குக்கு 1500 மெகாபாஸ்கல், நைட்ரைடிங் எஃகுக்கு 1250 தருகிறது.

அடுப்புக்குள் நுழையாத கிரேன் சுழல்வளையத்துக்கு இண்டக்ஷன்தான் கை கொடுக்கும். கடினத்தன்மை பல்பக்கத்தோடு நின்றுவிட்டால், அது முடியும் விளிம்பில் இழுதகைவு தங்கும். அந்த விளிம்பு பல்லடியில் விழுந்தால் பல் அங்கேயே முறியும். ஒரு மாதிரிப் பல்லை வெட்டி, எட்ச் செய்து (அமிலத்தில் அரித்து), நிறம் மாறித் தெரியும் கடினப் பட்டை பல்லடியைச் சுற்றி அறுபடாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே மற்றப் பற்களுக்குக் கையெழுத்துப் போடுங்கள்.