பாரிஸ் – ஆம்ஸ்டர்டாம் 1 மணி 2 நிமிடமாம்!

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரத்தையும் விமான நேரத்தையும் காட்டும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன, அதில் ஒன்றைப் பற்றித்தான் இது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனியில் இருக்கிறேன், ஏற்றுமதிப் பேப்பர்களோடு முதலாளியின் டிக்கெட் வேலையும் என் தலையில்தான் விழும். அக்டோபரில் பாரிஸில் சியால் உணவுக் கண்காட்சி, அது முடிந்த கையோடு ஆம்ஸ்டர்டாமில் ஒரு பார்ட்டியைப் பார்க்க வேண்டும்.

தூரம் 430 கிலோமீட்டர் என்று காட்டியது. நேர்கோட்டுக் கணக்கு, சரிதான். சாலை வழி என்றால் 500-ஐத் தாண்டும், அதையும் தனியாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம் என்றும், அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே மணி மாறுவதால் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றரையிலிருந்து நாலரை மணி நேரமாகும் என்றும் சரியாகச் சொன்னது, இதற்குத் தனியாகப் பாராட்டலாம்.

விமான நேரத்தில்தான் சிக்கல். 1 மணி 2 நிமிடம் என்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் அப்படியே அதே எண் வருகிறது, ஆனால் இது வெறும் உத்தேசம் என்று பக்கத்தில் எங்கேயும் ஒரு வரி இல்லை. விமான கம்பெனி அட்டவணையில் ஒன்றேகால் மணிக்குக் குறையாது. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையமான ஸ்கிபோலில் போல்டர்பான் என்று ஒரு ஓடுதளம் இருக்கிறது, முனையத்திலிருந்து அவ்வளவு தள்ளி. அதில் இறங்கினால் நெடுஞ்சாலையையே பாலத்தில் தாண்டிக்கொண்டு கால் மணி நேரம் தரையில் உருள வேண்டும். பெங்களூர் 90 கிலோமீட்டர்தானே என்று கிளம்பி அத்திப்பள்ளி நெரிசலில் நிற்கும் கதைதான்.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, எனக்கு இதுதான் பெரிய குறை. பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷனில் யூரோஸ்டார் ரயில் ஏறினால் சுமார் 3 மணி 20 நிமிடத்தில் ஆம்ஸ்டர்டாம் ஊர் நடுவிலேயே இறங்கலாம், வழியில் துறைமுக ஊரான ராட்டர்டாமிலும் நிற்கும், எங்கள் மாதிரி கண்டெய்னர் அனுப்புகிறவர்களுக்கு அங்கே எப்படியும் வேலை இருக்கும். கண்காட்சி நடக்கும் வில்பாந்த், விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் பறக்கத்தான் தோன்றும், சரி. ஆனால் 850 கிராம் சாம்பிள் டின்னைக் கைப்பையில் வைத்தால் செக்கிங்கில் பிடுங்கிவிடுவார்கள், கூழும் அவர்களுக்குத் திரவம்தான், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். இந்த ரயிலில் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் விளம்பரம். போனில் திறந்தால் எண்ணையே மறைத்துக்கொண்டு 'டிக்கெட் எடு' பட்டன் வந்து நிற்கிறது, மூடுகிற குறியைத் தேடிப் பிடிப்பதற்குள் வேறு பக்கம் திறந்துவிடும்.

ஐந்துக்கு இரண்டரை, அதுவும் தூரத்துக்காக. ரயில் டிக்கெட் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், கண்காட்சி வாரம் என்றால் கேட்கவே வேண்டாம், தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள்.