ஒரு பைனாகுலர், ஒரு கேமரா, இரண்டு பேர்: ஆறு மழைக்காலத்துக்கு அப்புறம்

எங்கள் ஊர் மீனாட்சிபுரம் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டில் தமிழ், ரேஷன் கடை போர்டில் மலையாளம், சந்தைக்குப் பொள்ளாச்சி. 2019 டிசம்பரில் நானும் என் சித்தப்பாவும் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு ஒரு 8×42 பைனாகுலர் வாங்கினோம். அடுத்த வருடம் பழைய கிராப் சென்சார் (படம் பதிகிற சில்லு கொஞ்சம் சின்னதான) கேமரா ஒன்றும், தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டுகிற 150-600 மி.மீ. லென்ஸ் ஒன்றும் செகண்ட் ஹேண்டில் சேர்ந்தன. வாங்கின வாரத்திலேயே எழுதுகிற ரிவ்யூக்கள் நிறையப் படித்திருக்கிறேன், அதில் மழையும் இருக்காது, சண்டையும் இருக்காது. இது ஆறு மழைக்காலம் பார்த்த பிறகு எழுதுவது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து பறவை பார்க்கப் போகிறீர்கள் என்றால், லென்ஸுக்குக் காசு சேர்க்கும் முன்னால் இரண்டாவது பைனாகுலரை வாங்குங்கள். எங்களுக்கு இது புரிய நாலு வருடம் ஆயிற்று.

8×42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மி.மீ. விட்டம். 42-ஐ எட்டால் வகுத்தால் 5.25, அத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேரும். தென்னந்தோப்பில் விடிகாலை ஆறேகால் மணிக்கு இதன் அருமை தெரியும். பத்து மடங்கு வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கையில் பிடித்தால் ஆட்டம் அதிகம், பார்க்கும் பரப்பும் குறுகிவிடும், இலைக்குள் தாவுகிற சின்னக் குருவியைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போயிருக்கும். அணைக்கட்டில் தூரத்து வாத்துகளைப் பார்க்க மட்டும் பத்து நல்லது.

சரி, பகிர்ந்துகொள்வதில் என்ன சிக்கல் என்றால், பைனாகுலர் ஒரு ஆளுக்கான பொருள். சித்தப்பாவுக்கு வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆனது, இரண்டு கண்ணுக்கும் பார்வை வேறு வேறு. வலது பக்கக் குழாயில் டயாப்டர் வளையம் என்று ஒன்று இருக்கும். வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்கி, அப்புறம் இடது கண்ணை மூடிக்கொண்டு அந்த வளையத்தைத் திருப்பி வலது கண்ணுக்குச் சரிசெய்ய வேண்டும். ஒரு முறை வைத்துவிட்டால் தொடவே வேண்டாம், ஆள் மாறாத வரைக்கும். எங்களுக்கோ ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் அந்த வளையத்தைத் திருப்பணும், இரண்டு குழாய்க்கும் நடுவிலான அகலத்தையும் மாற்றணும். சித்தியின் நெயில் பாலிஷை எடுத்து வளையத்தில் இரண்டு புள்ளி வைத்தோம், எனக்குச் சிவப்பு, அவருக்கு ரோஸ். அது நிஜமாகவே உதவியது. ஆனாலும் ஐந்தாறு வினாடி ஆகும்.

அந்த ஐந்தாறு வினாடியில்தான் 2022 நவம்பரில் ஆறுமணிக்குருவி போனது. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டு, பனிக்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. தென்னைக்கு ஊடே கோக்கோ வைத்த தோப்பு, கீழே சருகு மெத்தையாகக் கிடக்கிறது. அதில் ஒன்று தத்தித் தத்திச் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. முதுகு பச்சை, கண் மேல் முகமூடி மாதிரி கறுப்புப் பட்டை, வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால் மேலும் கீழும் அசைகிறது. திரும்பின ஒரு கணம் தோளில் நீலம் மின்னியது. நான் பார்த்துவிட்டேன். "அந்தச் சாய்ந்த மட்டைக்குக் கீழேங்க சித்தப்பா" என்று பைனாகுலரைக் கொடுத்தேன். அவர் வளையத்தைத் திருப்பி, அகலத்தைச் சரிசெய்து தூக்கும்போது, "எங்கடா கண்ணு, சருகுதான் தெரியுது" என்றார். அப்புறம் அரை மணி நேரம் நின்றோம், வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதன் நிறங்களை என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார், நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். எனக்கு அது தாங்கவில்லை. அடுத்த வருடம் அவருக்கென்று இன்னொரு 8×42 வந்தது, விலை குறைந்ததுதான், மங்கலான வெளிச்சத்தில் கொஞ்சம் பின்தங்கும். அதனால் என்ன, வளையம் அவருக்கு வைத்தது வைத்தபடி இருக்கிறது. 2024 ஜனவரியில் அதே தோப்பில் ஆறுமணிக்குருவியை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம், ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கேமராவுக்கு வருகிறேன். 600 மி.மீ. லென்ஸ் கிராப் சென்சாரில் 900 மாதிரி வேலை செய்யும், எடை கிட்டத்தட்ட இரண்டு கிலோ. மீன்கரை அணைக்கரையில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று பாய்கிறதே, அதற்கு 1/2000 வினாடி ஷட்டர் வேகம் வேண்டும், வெயில் இருப்பதால் கிடைக்கும். ஆனால் ஒன்பது மணி தாண்டினால் நீர்ப்பரப்பிலும் வயலிலும் கானல் எழும்பி, எந்த லென்ஸானாலும் படம் கலங்கும், அதை லென்ஸின் குறை என்று நினைத்து நான் ஒரு வருடம் வீணாக்கினேன். காட்டுக்குள் நேர் எதிர்: வெளிச்சம் நுழைகிற லென்ஸின் வாய் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது, வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 6400 போட்டாலும் 1/250 தான், புள்ளி புள்ளியாக வரும். ட்ரைபாடை விட, பழைய ஜீன்ஸ் காலைத் தைத்து ராகி நிரப்பின பை, வண்டி ஜன்னலில் வைக்க அற்புதம்.

நெல்லியாம்பதியில் காய்த்த ஆலமரத்தில் பெரிய இருவாச்சி. வருவதற்கு முன்னாலேயே இறக்கைச் சத்தம் கேட்டுவிடும், பள்ளத்தாக்கில் ரயில் என்ஜின் மூச்சு விடுகிற மாதிரி. நான் இருநூறு படம் எடுத்தேன். அது அலகு நுனியால் பழத்தைப் பறித்து, மேலே சுண்டிப் போட்டு, தொண்டையில் வாங்கிக்கொள்வதைச் சித்தப்பா எண்ணியிருக்கிறார், பதினாலு பழம். எனக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை, ஃபோகஸ் புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ராத்திரி படத்தைப் பெரிதாக்கியபோது கண் சிவப்பாக இருந்தது, அப்படியானால் ஆண். பெண்ணுக்குக் கண் வெளிறியிருக்கும். அது பைனாகுலரில் அவருக்குத் தெரியவில்லை. அதனால் கேமராவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஒருவர் எடுக்கும்போது இன்னொருவர் பார்க்கட்டும், அரை மணிக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு. 2021 மழையில் லென்ஸுக்குள் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை பிடித்தது. கோவையில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம், இரண்டு மாதம் வைத்திருந்து, பூஞ்சையை எடுத்துவிட்டு ஃபோகஸைக் கெடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி சரிசெய்ய இன்னொரு கடைக்குத் தனியாகச் செலவு. அன்றிலிருந்து ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நீல மணிகள் ஈரம் குடித்தால் ரோஸாக மாறும், சூடாக்கினால் திரும்ப நீலம். அந்த நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் வாணலியில் வறுத்துவிடாதீர்கள், ஒரு தகரத் தட்டை அதற்கென்று ஒதுக்குங்கள். கேரளாவை ஒட்டி இருப்பவர்கள் ஜூன் பிறப்பதற்குள் இதைச் செய்தே ஆகணும்.

ஆப் விஷயம். பார்த்த பறவைகளைப் பட்டியலிட இ-பேர்ட், சத்தத்தை வைத்துப் பறவையைக் கண்டுபிடிக்க மெர்லின், இரண்டும் கார்னெல் பறவையியல் ஆய்வகத்துடையவை, இலவசம். இ-பேர்டில் பறவைப் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். சித்தப்பா பனங்காடை என்பார், தோப்பில் கள் இறக்குபவர் பனங்காக்க என்பார், பட்டியலில் ஒரே பறவை. மெர்லினை முழுசாக நம்பாதீர்கள், துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும், ஒரு நாள் அது ஒரே கிளையிலிருந்து நாலு பறவைப் பெயரைப் போனில் வரவழைத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் எல்லை தாண்டி ஆனைமலைப் பக்கம் போய், குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று எண்ணி, தமிழ்நாட்டுப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சேர்க்கிறோம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். போனில் குரலைப் போட்டுப் பறவையை வெளியே இழுக்காதீர்கள். இடத்துக்குப் போட்டியாக இன்னொன்று வந்துவிட்டது என்று நினைத்து அது இரையை விட்டுவிட்டு அலைகிறது. இருவாச்சியில் பெண் மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, ஒரு கீறல் வழியாக ஆண் ஊட்டுகிற பழத்தில்தான் வாரக்கணக்கில் இருக்கும், கீழே பத்து கேமரா நின்றால் ஆண் கிட்டே வரத் தயங்கும். கூட்டுப் படம் நாங்கள் எடுப்பதில்லை, கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்வதுமில்லை.

ட்ரைபாட் மூன்று வருடமாகப் பரண் மேல் கிடக்கிறது, நல்ல நிலையில்தான். கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் புதிதாக இரண்டு பேராக ஆரம்பிப்பவர்கள் இருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம்.